நம் தாய்மார்கள் தந்த அறிவு நம் தெருவுக்கு வரவேண்டும்

(சங்க மகளிர் பிரிவின் மும்பைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



புற்றுநோயைப் பற்றிப் பேச ஒரு ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். நான் டாக்டர் அல்ல; எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் நான் பேச வந்தது மருத்துவம் அல்ல, கணக்கு. கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற கணக்கு.

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1965இல் தொடங்கியது, உலக சுகாதார நிறுவனத்தின் அங்கம். எந்த நாட்டில் எந்தப் புற்று எத்தனை பேருக்கு வருகிறது என்று பதிவேடுகளைத் திரட்டி வெளியிடுகிறது. ஓர் ஊரில் கண்ட உண்மையை இன்னோர் ஊருக்குச் சொல்கிறது. நல்ல காரியம். நோய்க்குப் பாஸ்போர்ட் கிடையாது; அறிவுக்கும் இருக்கக் கூடாது.

அந்த அறிவு எங்கிருந்து விளைகிறது? கருப்பைவாய்ப் புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் இந்த நிறுவனமும் நம் நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற நர்சு, வினிகரில் உள்ள அதே அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். கெட்டுவரும் இடம் வெள்ளையாகத் தெரியும். அங்கேயே சிகிச்சை. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளிவந்தது.

மும்பையில் 1998இல் டாட்டா நினைவு மருத்துவமனை, அமெரிக்க அரசின் நிதியுதவியோடு, குடிசைப் பகுதிகளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்களிடம் ஆய்வு தொடங்கியது. வினிகர் சோதனை செய்தவர்கள் யார்? பத்தாவது படித்து, நான்கு வாரம் பயிற்சி பெற்ற பெண்கள்! அங்கேயும் சாவு 31 சதவீதம் குறைந்தது. படிப்பு போதாது என்று நம்மை ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவில், 1999இல் 1,31,746 கிராமத்துப் பெண்களை நான்கு பிரிவாக்கினார்கள். அங்கே வினிகர் சோதனை குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை, ஹெச்.பி.வி. என்ற கிருமியைக் கண்டறியும் சோதனையை ஒரே ஒருமுறை செய்ததில் சாவு ஏறக்குறைய பாதியானது. சோதனை செய்யப்படாமல் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பிரிவில் 64 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். ஹெச்.பி.வி. சோதனைப் பிரிவில் 34 பேர். இப்படிச் சோதனையில்லாமல் விட்டது நியாயமா என்று பின்னாளில் மருத்துவர்களே கேட்டார்கள். நாமும் கேட்கிறோம்.

இந்த முடிவுகள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 2020இல் உலக சுகாதார நிறுவனம் ஓர் இலக்கு வைத்தது: 2030க்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45க்குள் மறுமுறையும் பரிசோதனை, நோய் கண்ட 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை. உலகமே பயன்படுத்தும் அந்த அறிவில் நம் ஏழைப் பெண்களின் பங்கு உண்டு.

இங்கே நிலை என்ன? 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்று 2016இல் மத்திய அரசு வழிமுறை வகுத்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வோ, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர் 1.9 சதவீதம் என்கிறது. நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை!

பார்சல் ஆபீஸ் வழக்கத்தில் சொன்னால், திண்டுக்கல்லில் புக் செய்த சரக்கு லியோன் போய், ஜெனீவா போய்விட்டது; உரியவருக்கு மட்டும் டெலிவரி ஆகவில்லை.

நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் நம் சகோதரி காலை பத்து மணிக்கு எப்படி டிஸ்பென்சரியில் நிற்பாள்? ஒருநாள் கூலி போகும். போனாலும், சொல்வது புரிய வேண்டாமா? வெட்கத்தையும் பயத்தையும் தாய்மொழியில்தானே போக்க முடியும்?

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. நம் பகுதி மாநகராட்சி மருத்துவ நிலையத்தில் ஞாயிறன்றோ மாலையிலோ பரிசோதனை வேண்டும். தமிழ் பேசும் சுகாதார ஊழியர் வேண்டும். நம் வீட்டுப் பெண்களையே பயிற்றுவிக்கலாம். நோய்க்குறி தெரிந்தவரைச் சீட்டெழுதி அலையவிடாமல், சிகிச்சை முடியும்வரை கூடவே கொண்டுசெல்லும் பொறுப்பை நிர்வாகம் ஏற்க வேண்டும்.

இது சலுகை அல்ல, கடன். திருப்பிக் கேட்கிறோம். சகோதரிகள் சந்து சந்தாகப் போய், முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பெயர்களை எழுதுங்கள். பட்டியல் முடிந்ததும் மனுவோடு வார்டு ஆபீசுக்குப் போவோம். ஆண் தோழர்களே, அன்று நீங்களும் லீவு போட்டுவிட்டு வாருங்கள்!