தட்டு பெரிதா, குறி சரியா?



மாலையில் வேலை முடிந்து வந்து குடும்பத்தோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருகிறோம். பாதி நிகழ்ச்சியில் படம் கட்டங்கட்டமாக உடைகிறது. பிறகு திரை கறுத்துவிடுகிறது. உடனே ஒருவர், “தட்டு சின்னது, பெரிசா வாங்கணும்” என்கிறார். இன்னொருவர், “உயரமான கம்பத்தில் ஏற்று” என்கிறார். மூன்றாமவர் எதிரே நிற்கும் தென்னையை வெட்டச் சொல்கிறார். மூன்றுக்கும் பணம் செலவாகும். அதற்கு முன், தட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

நம் நாட்டின் முதல் துணைக்கோளான மியாசாட் 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் ஏவப்பட்டது. அதே ஆண்டில் அஸ்ட்ரோ ஒளிபரப்பும் தொடங்கியது. இன்று அதன் ஒளிபரப்பைச் சுமக்கும் துணைக்கோள்கள், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலும் வேகத்திலேயே அவையும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு வானத்தில் ஒரே இடத்தில் நிற்பவை போல அமைந்துள்ளன. அவ்வளவு தொலைவிலிருந்து வரும் அலைக்கு, நீங்கள் நடும் 20 அடிக் கம்பம் ஒரு பொருட்டே அல்ல. உயரம் வலுவைக் கூட்டாது. காற்றில் கம்பம் ஆடினால் உள்ள வலுவும் குறையும்.

அப்படியானால் தட்டு எங்கே பார்க்க வேண்டும்? பினாங்கில் டத்தோ கிராமாட் சாலையில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். துணைக்கோள் இருப்பது தென்மேற்கில், சற்று மேற்கே சாய்ந்த திசையில். ஆனால் அடிவானத்திலிருந்து 78 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலே! “கொடிமலை மறைக்கிறது” என்று அங்குள்ளவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தீபகற்பத்தின் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் இந்த உயரம் ஏறத்தாழ 75 பாகைக்குக் குறையாது.

ஒரு செய்தியை இங்கே கவனியுங்கள். வீட்டுத் தட்டின் முகம் எங்கே பார்க்கிறதோ, அங்கிருந்து அலை வருவதில்லை. தட்டின் அமைப்பினால், உண்மையான திசையைவிட முகம் ஏறத்தாழ 25 பாகை தாழ்ந்தே தெரியும். ஆகவே தட்டுக்கு எதிரே தெரியும் தென்னை பெரும்பாலும் குற்றவாளி அல்ல. பினாங்கில் 10 அடி தள்ளி நிற்கும் மரம், தட்டைவிட 45 அடிக்கு மேல் உயர்ந்திருந்தால்தான் மறைக்கும். அப்படியே மறைத்தாலும் தட்டைச் சில அடி நகர்த்தினால் போதும். காய்க்கும் மரத்தை வெட்ட வேண்டாம். ரப்பர் மரத்தடியில் மட்டும் எச்சரிக்கை தேவை. இலை உதிர்ந்த காலத்தில் மாட்டிய தட்டு, தளிர் விட்டபின் மறைந்துபோகலாம்.

இனி தட்டின் அளவுக்கு வருவோம். அளவைத் தீர்மானிப்பது நம் பணப்பை அல்ல. துணைக்கோளின் வலுவும் அலையின் வகையுமே. 1975-இல் இந்தியாவில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் துணைக்கோள் வழியாகக் கல்வி நிகழ்ச்சிகள் சென்றன. அன்று வேண்டியிருந்தது 10 அடி அகலக் கம்பிவலைத் தட்டு. இன்று நம் வீட்டுக்கு வரும் அலைக்கு 2 அடித் தட்டே போதும்.

2 அடிக்குப் பதில் 3 அடித் தட்டு வாங்கினால் இரண்டேகால் மடங்கு அலை சேரும், உண்மைதான். ஆனால் படம் அதனால் மேலும் தெளிவாகாது. டிஜிட்டல் ஒளிபரப்பில் படம் முழுதாக வரும், அல்லது உடையும். கூடுதல் அகலம் தருவது மழைக்கான சேமிப்பு மட்டுமே. மழைத்துளிகள் இந்த அலையை விழுங்கிச் சிதறடிக்கின்றன. அகலத் தட்டில் படம் சற்றுத் தாமதித்துப் போகும், சற்று முன்னதாகத் திரும்பும். கொட்டும் மழையை வெல்லும் வீட்டுத் தட்டு கிடையாது.

பால்மரம் வெட்டுகிற உங்களுக்கு இது எளிதில் விளங்கும். கோப்பை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சொட்டும் இடத்துக்கு நேராக வைக்காவிட்டால் பால் மண்ணில்தான் விழும். தட்டும் அப்படியே. 2 அடித் தட்டின் விளிம்பு ஒரு விரல் அகலம் நகர்ந்தாலே வலுவில் பாதி போய்விடும். பெரிய தட்டுக்கோ குறி இன்னும் நுட்பமாக அமைய வேண்டும்.

ஆகவே, வெயில் நாளிலேயே படம் உடைந்தால் புதுத் தட்டு வாங்க ஓடாதீர்கள். முதலில் திருகாணிகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். அடுத்து, கேபிள் முனைகளில் நீர் இறங்கிப் பச்சை பிடித்திருக்கிறதா, தட்டின் முன்னே நீண்டிருக்கும் எல்.என்.பி. வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டீகோடர் திரையில் வலு, தரம் என இரண்டு அளவுகள் தெரியும். தட்டைத் திருப்பும்போது தரம் எங்கே மிகுதியோ அங்கே முடுக்குங்கள்.

பழைய தட்டு வாங்குவோருக்கு ஒரு சோதனை. விளிம்பிலிருந்து விளிம்புக்கு இரண்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று தொட வேண்டும். இடைவெளி இருந்தாலும், ஒன்றை ஒன்று அழுத்தினாலும் தட்டு முறுக்கியிருக்கிறது, வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஈரமான தகரக் கூரையில் ஏறாதீர்கள். மின்கம்பிக்கு அருகே தட்டை நிறுத்தாதீர்கள். முடிந்தவரை, நின்ற கைக்கு எட்டும் சுவரிலேயே மாட்டுங்கள். வானம் திறந்திருந்தால் அங்கும் அதே வலுதான் கிடைக்கும். போன படம் மழை விட்டதும் திரும்பி வரும். கூரையிலிருந்து விழுந்தவரின் இடுப்பு அவ்வளவு எளிதில் தேறாது.