காகிதக் கூழும் கரிக்குழாயும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நம் பார்க்கிங்கில் மின்சார ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன. "பேட்டரிக்குள் என்ன இருக்கிறது, இதைவிட நல்லது வராதா?" என்று சிலர் கேட்டீர்கள். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

லித்தியம் பேட்டரியில் இரண்டு எலக்ட்ரோடுகள். மெல்லிய உலோகத் தகட்டின் மேல் மருந்துப் பொடியைப் பூசியிருப்பார்கள். பொடி உதிராமல் ஒட்டிக்கொள்ளப் பசை வேண்டும். நேர்மின் பக்கத்தில் வழக்கமாகப் போடுவது பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக். அதைக் கரைக்க என்எம்பி என்ற திரவம் வேண்டும். அது கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஐரோப்பாவில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது.

இதற்கு மாற்றாக ஒன்றைத் தேடுகிறார்கள். காகிதம் செய்யும் மரக்கூழை மிக நுண்ணிய இழைகளாகப் பிரித்தால் நானோசெல்லுலோஸ். உறுதியானது, ஆனால் மின்சாரம் கடத்தாது. கார்பன் நானோகுழாய் நன்றாகக் கடத்தும். ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகக் கவனம் பெற்றது. ஆனால் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும்.

இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. மின்னேற்றம் கொண்ட செல்லுலோஸ் இழைகள் குழாய்களைப் பிடித்துக்கொண்டு, கட்டியாகாமல் விலக்கி நிறுத்துகின்றன. ஸ்வீடனின் கேடிஹெச் ஆய்வாளர்கள் 2014-ல் இதைக் காட்டினார்கள். அந்தக் கலவையை வடிகட்டிக் காயவைத்தால் கறுப்புக் காகிதம் கிடைக்கும். அதில் இழையே பசை, குழாயே மின்கம்பி, கரைப்பான் வெறும் தண்ணீர்.

இதற்கு முன்பே, 2007-ல், அமெரிக்காவின் ரென்சலேர் கல்வி நிறுவனத்தில் கேரளத்தில் பிறந்த புலிக்கல் அஜயன் உள்ளிட்ட குழு, சுருட்டவும் மடிக்கவும் கூடிய காகித பேட்டரியைச் செய்தது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்தான்.

வரவை மட்டும் சொன்னால் கணக்கு முடியாது, பற்றும் உண்டு. செல்லுலோஸ் ஈரத்தை இழுக்கும். லித்தியம் பேட்டரிக்கு ஈரம் ஆகாது, எனவே நன்றாக உலர்த்த வேண்டும். நானோகுழாய்த் தூள் மூச்சோடு உள்ளே போகக்கூடாது. அதில் ஒரு வகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014-ல் சேர்த்தது. குழாயின் விலையும் குறைய வேண்டும்.

ஆகவே, புது பேட்டரி வரட்டும் என்று யாரும் வண்டி வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் வேண்டாம். 2022-ம் ஆண்டு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு. கடைக்காரரிடம் கேட்டுக் கொடுங்கள்.