தட்டணுக்களும் ஒரு சின்ன மாத்திரையும்

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்து, மத்திய அரசில் 35 வருடங்கள் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். 2016-ல் எனக்கு இருதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். தினம் விழுங்கும் மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்கு உபயோகமானதை மட்டும் சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு தவிர தட்டணுக்கள் உண்டு. பிளேட்லெட் என்பது இவைதான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். கறிகாய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டால், முதலில் ஓடி வந்து ஓட்டையை அடைப்பவை இவையே. வந்தவை 'திராம்பாக்ஸேன்' என்ற ரசாயனத்தை வெளியிட்டு மற்ற தட்டணுக்களையும் கூப்பிடுகின்றன. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைப்பு உண்டாகிறது.

விரலில் இது வரப்பிரசாதம். இருதய ரத்தக்குழாயில் இதுவே ஆபத்து. குழாயின் உள்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்தால், தட்டணுக்கள் அதையும் காயம் என்று எண்ணி அடைக்க வருகின்றன. குழாயே அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாயானால் பக்கவாதம்.

இங்கேதான் ஆஸ்பிரின் வருகிறது. 1897-ல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியில் சுத்தமாகத் தயாரிக்கப்பட்டு, தலைவலிக்கும் ஜுரத்துக்கும் உலகமெங்கும் பரவிய மருந்து. அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-ல்தான் இங்கிலாந்தில் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

ரசாயனம் படித்தவனுக்கு இது ரசமான விஷயம். ஆஸ்பிரின் தன்னிடமுள்ள அசிட்டைல் பகுதியைக் கழற்றி, திராம்பாக்ஸேன் தயாரிக்க உதவும் என்ஸைமின் மேல் ஒட்டிவிடுகிறது. பூட்டுக்குள் சாவியை உடைத்து விட்ட மாதிரி. திரும்பத் திறக்க முடியாது. மற்ற செல்கள் புதிய என்ஸைம் செய்துகொள்ளும். தட்டணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது. அதனால் அதற்கு முடியாது. அதன் ஆயுளான ஏழு முதல் பத்து நாளும் பூட்டியது பூட்டியதுதான். தினமும் சுமார் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதிதாகப் பிறக்கின்றன. அவற்றைப் பூட்ட தினம் 75 மில்லிகிராம் போதும். தலைவலிக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டியிருக்க, இருதயத்துக்கு இத்தனை சின்ன மாத்திரை ஏன் என்பதற்கு விடை இதுவே.

குளோபிடோக்ரெல் வேறொரு கதவை அடைக்கிறது. தட்டணுவின் மேல் ஏ.டி.பி. என்ற ரசாயனம் வந்து உட்காரும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். வயிற்று எரிச்சலுக்கான ஒமிப்ரஸோல் இந்த மாற்றத்தைக் குறைக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிகாக்ரெலோர் என்பதும் அதே இடத்தைத்தான் பிடிக்கிறது, ஆனால் விட்டுவிடும். அதனால் தினம் இரண்டு வேளை.

இவற்றைப் 'பிளட் தின்னர்' என்கிறோம். மோரில் தண்ணீர் விட்டாற்போல ரத்தம் நீர்த்துப் போவதில்லை. ஒட்டும் குணம் குறைகிறது, அவ்வளவே. இருதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர்களுக்குத் தரும் வார்ஃபரின், அபிக்ஸபன் வேறு ஜாதி. அவை ரத்தம் உறையத் தேவையான புரதங்களைத் தடுப்பவை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சாப்பிடக் கூடாது.

யாருக்குக் கொடுக்கிறார்கள்? மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், அடைப்பினால் பக்கவாதம் வந்தவர்கள், கால் ரத்தக்குழாயில் அடைப்பினால் தொந்தரவு உள்ளவர்கள். 1988-ல் வெளியான ஐஸிஸ்-2 என்ற ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள் பங்கேற்றார்கள். ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்ததிலேயே இருதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. பக்கவாதத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அது ரத்தக் கசிவாலும் வரலாம். ஸ்கேன் எடுக்கும் முன் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் எழுபது தாண்டிய எல்லோரும் சாப்பிடலாமே என்று பார்க்கில் வாக்கிங் போகும்போது கேட்கிறார்கள். கூடாது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 ஆரோக்கியமான முதியவர்களை வைத்து நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. இருதய நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. கடுமையான ரத்தப்போக்கு 38 சதவீதம் அதிகமாயிற்று. 2022-ல் அமெரிக்க நிபுணர் குழுவும், நோய் வராத 60 வயதுக்காரர்கள் தடுப்புக்காகப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்பது காரணமாகாது.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். காரணத்தோடு சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. ஒரு வேளை மறந்தால் குடி முழுகாது. பழைய தட்டணுக்கள் பூட்டிய நிலையில்தான் இருக்கும். ஒரு வாரம் நிறுத்தினால் பெரும்பாலும் புதிய கூட்டம் வந்துவிடும். ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அது உயிருக்கே ஆபத்து. அதனால்தான் எனக்கு ஒரு வருஷம் இரண்டு மாத்திரை கொடுத்தார்கள், இப்போது ஒன்று. பல் பிடுங்கும்போது பல் டாக்டர் என் இருதய டாக்டரைக் கேட்டுவிட்டு, ஆஸ்பிரினை நிறுத்தாமலேயே எடுத்தார். பஞ்சை அரை மணி கடித்திருந்தேன், ரத்தம் நின்றது. ஏகாதசி உபவாசம் இருக்கும் மாமிகளுக்கும் ஒரு வார்த்தை: விரதம் சாப்பாட்டுக்குத்தான், மாத்திரைக்கு அல்ல. வெறும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் யோசனை கேளுங்கள்.

மலம் தார் போலக் கறுத்தால், காரணமின்றி உடம்பில் நீலத் திட்டுக்கள் வந்தால், உடனே காட்டுங்கள். மூட்டு வலிக்கு இபுப்ரோஃபென் தாமாக வாங்க வேண்டாம். அது என்ஸைமின் வாசலில் நின்று ஆஸ்பிரினை உள்ளே விடாது, வயிற்றையும் புண்ணாக்கும். ஜுரம் வந்து டெங்குவோ என்ற சந்தேகம் இருந்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனதும் மாத்திரைகளின் பெயர், அளவு, ஸ்டென்ட் வைத்த தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவசரத்தில் நமக்காகப் பேசப் போவது அந்தச் சீட்டுதான்.