நாங்களும் வரி கொடுக்கிறோம்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் சங்கத்தின் இளைய அங்கத்தவர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



“இன்னும் உழைக்கத் தொடங்காத உங்களுக்கு வரியைப்பற்றி என்ன பேச்சு?” என்று வீட்டில் கேட்டார்கள். உழைக்காவிட்டாலும் நாங்கள் கடைக்குப் போகிறோம். சவர்க்காரம் வாங்கினாலும் தொலைபேசிக்கு றீலோட் போட்டாலும் பெறுமதிசேர் வரி கொடுக்கிறோம். 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். வருமான வரி ஆளின் வருமானத்தைப் பார்த்து அறவிடப்படுகிறது. இந்த வரி ஆளைப் பார்ப்பதில்லை. நாட்கூலிக்குப் போகும் தாயும் பெரிய உத்தியோகத்தரும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரியைத்தான் கொடுக்கிறார்கள்.

வெட்கத்தில் பேசாமல் விட்ட ஒன்றையும் சொல்லவேண்டும். 2018 வரை, இறக்குமதியாகும் சுகாதாரத் துவாய்களுக்கு எல்லா வரிகளும் சேர்ந்து 100 வீதத்தைத் தாண்டின. எங்கள் வகுப்பிலும் மாதத்தில் சில நாட்கள் வராமல் நின்றவர்கள் இருந்தார்கள். காய்ச்சல் என்று கடிதம் வரும். உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியும். அதில் வரிக்கும் பங்குண்டு என்பது அப்போது தெரியாது. 2024இல் கல்வி அமைச்சு மாணவிகளுக்கு இதற்கென 1,200 ரூபா வவுச்சர் வழங்கத் தொடங்கியது. அதை வரவேற்கிறோம். ஆனால் பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைக்கு வவுச்சர் கிடைக்காது. வரியைக் குறைத்தால் அவளுக்கும் பயன் கிடைக்கும்.

அப்படியானால் வரியே வேண்டாமா? எங்களுக்குள்ளும் இந்த விவாதம் நடந்தது. 2019 டிசம்பரில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டபோது எல்லோரும் மகிழ்ந்தோம். பின்னர் கொரோனா வந்தது. அரச வருமானம் சுருங்கியது, கடன் கழுத்தை நெரித்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. அடுத்த மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். அம்மா மண்ணெண்ணெய் வரிசையில் நிற்க, நாங்கள் பரீட்சை மண்டபத்துக்கு நடந்து போனோம். குறைந்த வரிக்கும் ஒரு விலை உண்டு என்று அன்று படித்தோம்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியால்தான் நாங்கள் இந்த மேடையில் நிற்கிறோம். எங்கள் பாடநூலுக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் முகம் தெரியாத பலர் வரி கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் வரி கொடுக்கமாட்டோம் என்று சொல்லவில்லை. இருப்பவரிடம் கூடுதலாகவும் இல்லாதவரிடம் குறைவாகவும் வாங்குங்கள், வாங்கியதற்குக் கணக்குக் காட்டுங்கள் என்றே கேட்கிறோம்.

அக்காமாரே, எங்கள் சங்கப் பொதுக்கூட்டத்தில் தேநீர்ச் செலவுக்குக்கூடப் பொருளாளர் கணக்கு வாசிப்பார். ஒரு ரூபா பிழைத்தாலும் யாராவது ஒருவர் எழும்பிக் கேட்பார். நாட்டின் கணக்கையும் அப்படிக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. எங்கள் பிரதேசத்துப் பாடசாலைகளின் மலசலகூடங்களுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்ற கேள்வியோடு தொடங்குவோம். விண்ணப்பத்தை நாங்கள் எழுதுகிறோம். கையொப்பமிட நீங்களும் வாருங்கள்.