எழுத்தைப் பார்க்காதே, பெயரைப் பார்

(ஹெவ்லொக் டவுனில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நடந்த கணனி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கணனியில் 'சீ' இருக்கிறது. 'ஏ', 'பீ' எங்கே என்று ஒரு தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி.

1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட கணனியில் பிளொப்பி போட இரண்டு இடங்கள். அவற்றுக்குத்தான் 'ஏ', 'பீ' என்ற ஆங்கில எழுத்துகள். 1983இல் ஹார்ட் டிஸ்க்கோடு எக்ஸ்.டி. கணனி வந்தது. அதற்கு 'சீ' கிடைத்தது. பிளொப்பி ஒழிந்தும் விண்டோஸ் அந்த வழக்கத்தை விடவில்லை.

பென் டிரைவைச் சொருகினால், வழமையாக அடுத்துக் காலியாக உள்ள எழுத்தைக் கொடுக்கும். மலையில் கங்காணி நிரை கொடுப்பது போலத்தான். நேற்றுப் பிடித்த நிரையே இன்றும் கிடைக்குமா? எழுத்து என்பது டிஸ்க்கின் பெயரல்ல. இன்று அது நிற்கும் இடம்.

இது தெரியாமல் நானும் பட்டிருக்கிறேன். வேலை பழகிய இடத்தில், 'ஈ' என்றால் என்னுடைய பென் டிரைவ்தான் என்று நினைத்து ஃபோர்மட் கொடுத்துவிட்டேன். அன்று 'ஈ'யில் நின்றது வேறு டிஸ்க். நம்ம சனத்தின் அடையாள அட்டை விண்ணப்பங்கள் எல்லாம் அழிந்து போயின. பாவம், அவர்கள் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு மறுபடியும் வந்தார்கள்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். டிஸ்க்கின் மேல் வலது பக்க பட்டனை அழுத்தி, அதற்கு ஒரு பெயர் வையுங்கள். அழிக்கும் முன் பெயரையும் அளவையும் பாருங்கள். முக்கியமானதை இன்னோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்.

நம் கையில் இருப்பது வெறும் டிஸ்க் அல்ல, பிள்ளைகளே. ஒரு குடும்பத்தின் காரியம்.