நூறு தறிகளிலிருந்து ஒரு கட்சி

காஞ்சிபுரத் தறியிலிருந்து இறங்கும் பட்டுப்புடவை எத்தனையோ கல்யாண வீடுகளுக்குப் போய்ச் சேருவது சென்னைத் தியாகராய நகர் வழியாகத்தான். பில்லில் அச்சாகும் அந்தப் பெயருக்கு உரியவரும் ஜவுளிக்காரர்தான். பிட்டி தியாகராயச் செட்டியார், 1852-இல் பிறந்தவர். தெலுங்கு பேசும் தேவாங்கர் நெசவாளர் குலம். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்துவிட்டு, அந்தக் காலப் பட்டதாரிகளைப் போல அரசு உத்தியோகம் தேடாமல் தொழிலில் இறங்கினார். தோல், உப்பு, அவுரி என்று பலவும் பார்த்தார். நிலைத்த பெயர் கொடுத்தது வண்ணாரப்பேட்டை நெசவுக்கூடம். அங்கே சுமார் நூறு தறிகள் ஓடின.

ஒற்றைத் தறி போட்டு, வணிகரிடம் நூல் வாங்கி நெய்து கூலி பெறுவதுதான் அன்றைய நெசவாளியின் பிழைப்பு. மான்செஸ்டர் துணி மலிவாக வந்து குவிய, அந்தக் கூலியும் தேய்ந்தது. இதற்கு மாற்றாகச் சிலர் முன்வைத்தது விசைநாடா. 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே கண்டுபிடித்த உத்தி அது. கையால் நாடாவை எறிவதற்குப் பதில் கயிற்றைச் சுண்டினால் போதும். நாடா மறுகரைக்குப் பாயும். அகலத் துணியை ஒருவரே வேகமாக நெய்யலாம். அதை ஆதரித்த சென்னைத் தொழிலதிபர்களில் செட்டியாரும் ஒருவர்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு மட்டும் இந்த உத்தி சரிப்பட்டு வரவில்லை. உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள். நெய்பவர் குழித்தறியில் உட்கார்ந்திருக்க, கரைநாடாவை எறிய உதவிக்கு இன்னொருவர் வேண்டும். எந்த உத்தி யாருக்கு உதவும் என்பதைத் தறிதான் முடிவு செய்தது. விசைநாடா பருத்தி நெசவில்தான் அதிகம் பரவியது.

தறியோடு அவர் நின்றுவிடவில்லை. சென்னை மாநகராட்சியில் ஏறக்குறைய 40 ஆண்டுகள் உறுப்பினர்; 1909-இல் தொடங்கிய தென்னிந்திய வர்த்தக சபையை நிறுவியவர்களில் ஒருவர்; காங்கிரஸ்காரரும்கூட. மாநகராட்சியில் அவருக்கு வாய்த்த எதிராளி டாக்டர் டி.எம். நாயர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளம் பற்றிய சச்சரவு இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது. சுகாதாரம் பேசிய மருத்துவர் ஒரு பக்கம், வைதிகப் பற்று மிகுந்த செட்டியார் மறு பக்கம். இந்த இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தவர் டாக்டர் சி. நடேசனார். அவருடைய பொறுமையைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்!

1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவானது. அடுத்த மாதம் செட்டியார் பெயரில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது. அரசு வேலையிலும் சட்டமன்றத்திலும் மக்கள்தொகையில் சிறுபான்மையான ஒரு சாதி பெரும்பான்மை இடங்களை வைத்திருப்பதை அது கணக்குப் போட்டுக் காட்டியது. 1917-இல் ‘ஜஸ்டிஸ்’ நாளேடு வந்தது. அந்தப் பெயரால் சங்கத்தையே மக்கள் நீதிக்கட்சி என்று அழைத்தார்கள்.

1920 தேர்தலில் காங்கிரஸ் ஒதுங்கி நிற்க, 98 இடங்களில் 63-ஐ நீதிக்கட்சி பிடித்தது. ஆளுநர் வெலிங்டன் முதலில் அழைத்தது செட்டியாரைத்தான். அவர் முதலமைச்சர் பதவியை ஏற்கவில்லை, அ. சுப்பராயலு ரெட்டியார் ஏற்றார், அடுத்த ஆண்டு பனகல் அரசர் வந்தார். செட்டியார் மாநகராட்சித் தலைவராகவே இருந்தார். அதே 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் மதிய உணவு தொடங்கியது. பின்னாளில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய திட்டத்தின் முன்னோடி அதுதான்.

குறையையும் சொல்லியாக வேண்டும். 1921 பக்கிங்காம் கர்னாடிக் ஆலை வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடர்களும் மோதிக்கொண்டார்கள், புளியந்தோப்பு எரிந்தது. நீதிக்கட்சித் தலைவர்கள் வேலைக்குப் போன ஆதிதிராவிடர்கள் பக்கம் நிற்கவில்லை. 1923-இல் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா கட்சியை விட்டு வெளியேறினார். எல்லாருக்கும் பங்கு என்று தொடங்கிய கட்சி, தனக்கும் கீழே தள்ளப்பட்டிருந்தவர்களைத் தவறவிட்ட இடம் இது.

காஞ்சிபுரத்தை நேரடியாகத் தொட்டது அறநிலையச் சட்டம். 1922-இல் பனகல் அரசர் கொண்டுவந்த மசோதா 1925-இல் சட்டமாகி, கோயில் வரவுசெலவை ஒரு வாரியத்தின் கண்காணிப்பில் வைத்தது. ஊரெல்லாம் கோயிலான காஞ்சியில் அது சின்ன மாற்றமில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் செட்டியார் காலமானார். நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பெரியார் காங்கிரசிலிருந்து வெளியேறினார்.

அப்போது ஊரில் பச்சையப்பன் பள்ளி மாணவராக இருந்தவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை அண்ணாதுரை. 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய தீர்மானம் அவர் பெயரில்தான் வந்தது. கட்சிக்காரர்கள் வெள்ளையர் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்றும் அந்த மாநாடு சொன்னது. கட்சியைத் தொடங்கிய தியாகராயருக்கோ ‘சர்’ பட்டம் உண்டு.