ஜேர்மனியில் ஓர் அமெரிக்கர்



பிறநாட்டு வாழ்க்கை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, இங்கிருந்து புறப்பட்டுப் போய்க் குளிர்நாடுகளிலே காலூன்ற முயலும் நம்மவருடைய வாழ்க்கையே. விரும்பிய நாட்டுக்குத் தடையின்றிச் செல்லத்தக்க கடவுச்சீட்டைக் கையிலே வைத்திருக்கும் ஓர் அமெரிக்கர், இன்னொரு செல்வநாட்டிலே சென்று குடியமர்ந்தால், அவருக்கும் இடர் உண்டோ என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்த்தவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன், என் தமக்கையாரின் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கும் வாய்ப்புக் கிடைத்தபோதுதான் அதனை அறிந்துகொண்டேன்.

மருமகன் வாழ்வது தென் ஜேர்மனியிலுள்ள ஸ்ருட்கார்ட் நகரிலே. பல குடும்பங்கள் வாழும் மாடிவீடு அது. எமக்கு மேல்மாடியில் ஓர் அமெரிக்கரும் அவர் மனைவியாரும். கீழ்த்தளத்தில் தனித்து வாழும் ஒரு ஜேர்மானிய மூதாட்டி. அமெரிக்கர் ஐம்பது வயதை அணுகிய பொறியியலாளர். தொழில் நிமித்தம் அங்கு வந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. ஆங்கிலம் பேச ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சியில், மாலை வேளைகளில் என்னைத் தேடி வருவார். அவர் வாயிலாக அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அந்நகருக்கு அமெரிக்கர் புதியவர் அல்லர். ஐரோப்பாவிலுள்ள அமெரிக்கப் படைகளின் தலைமையகம் 1967 ஆம் ஆண்டு முதல் அங்கேயே இயங்கி வருகின்றது. படையினருக்கெனத் தனியான கடைகளும் பாடசாலைகளும் உண்டு. நம் நண்பரோ படையைச் சார்ந்தவரல்லர். ஆகவே, ஊர் மக்கள் நடுவே ஊர் மக்களைப் போலவே வாழவேண்டியவரானார்.

நாட்டினுள் நுழைவது அவருக்கு எளிதாகவே இருந்தது. அமெரிக்கர் முன்கூட்டி விசாப் பெறாமலே ஜேர்மனிக்கு வந்து, வந்த பின்னர் 90 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதே வாசலில் என் மருமகன் அகதியாக ஆண்டுக்கணக்கில் காத்து நின்றவன். இருவருக்கும் இருந்த இவ்வேறுபாட்டை நான் மறந்திலேன். நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கருக்கு இடர் தொடங்கியது வீட்டு வாசலைக் கடந்த பின்னரே. விளம்பரத்தில் கண்ட வாடகை மலிவு என்று மகிழ்ந்தார். அது 'குளிர் வாடகை' என்றும், வெப்பமூட்டுதல், தண்ணீர், துப்புரவு முதலியவற்றின் செலவுகள் சேர்ந்த பின் வருவதே 'வெப்ப வாடகை' என்றும் பின்னரே அறிந்தார். சமையலறை என்று காட்டப்பட்ட அறையிலே அடுப்புமில்லை, அலுமாரியுமில்லை. சுவரிலிருந்து தண்ணீர்க் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மின்கம்பிகள் தொங்கின. அங்கே வாடகைக்கு இருப்போர் பலர், வீடு மாறும்போது சமையலறைத் தளபாடங்களையும் கழற்றி உடன் கொண்டு செல்வது வழக்கமாம்.

அடுத்தது பதிவு. புது வீட்டிற்கு வந்து இரண்டு கிழமைக்குள், வீட்டுரிமையாளரின் எழுத்துமூல உறுதியோடு அலுவலகம் சென்று முகவரியைப் பதிய வேண்டும். அமெரிக்காவிலே இத்தகைய குடிப்பதிவு இல்லை. நான் எங்கே படுத்துறங்குகின்றேன் என்பது அரசுக்கு எதற்கு என்று அவர் வெகுண்டார். ஆனால் அந்தப் பதிவுத் துண்டு கைக்கு வந்த பின்னர்தான் வரி இலக்கம் முதலிய ஏனையவை ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. கூடவே இன்னொரு கடிதமும் வந்தது. ஒலிபரப்புக் கட்டணம் செலுத்துக என்பது அது. 2013 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் இக்கட்டணம், கருவி உண்டோ இல்லையோ, வீட்டுக்கு ஒன்றாக விதிக்கப்படுகின்றது. 2021 இல் மாதத்துக்கு 18.36 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. வானொலிப் பெட்டிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்த காலத்தை நினைவிலுடைய நம் மூத்த நேயர்கள் இதனைக் கேட்டு நகைக்கக்கூடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பாண் வாங்கப் புறப்பட்டவர், பேரங்காடிகள் யாவும் பூட்டியிருக்கக் கண்டார். புகையிரத நிலையத்திலும் எரிபொருள் நிலையத்திலுமே ஏதேனும் கிடைத்தது. 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு, ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாளாகக் காத்தது. அவ்விதியை 1949 ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டமும் தன்னுள் ஏற்றுக்கொண்டது. கடைதான் இல்லை, வீட்டு வேலையாவது பார்ப்போம் என்று நண்பர் வெற்றுப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தொட்டிக்குச் சென்றார். வெள்ளை, பச்சை, கபிலம் என நிறம் பிரித்துப் போடவேண்டும் என்பதைக் கற்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலே கண்ணாடி உடையும் ஒலி எழலாகாது என்பதைக் கற்றிருக்கவில்லை. எதிர்வீட்டு யன்னல் திறந்தது. அவருக்குப் புரியாத சொற்கள் சில வந்து விழுந்தன.

இனி, கதவிலே தொங்கிய பலகையின் கதையைச் சொல்லவேண்டும். ஒரு நாள் அவர் கதவுப்பிடியில் சிறியதோர் அட்டைப்பலகை தொங்கியது. விளம்பரமென்று எண்ணி அதனை ஒரு மூலையில் எறிந்துவிட்டார். அது 'கேர்வோகெ' என்னும் பலகை. 'கூட்டும் கிழமை' என்று அதனைத் தமிழ்ப்படுத்தலாம். ஸ்ருட்கார்ட்டைச் சூழ்ந்த சுவேபிய நாட்டிலே நெடுங்காலமாக நிலவும் வழக்கம் அது. பலகை எவர் கதவில் தொங்குகின்றதோ அவர் அக்கிழமை மாடிப்படியைக் கூட்டிக் கழுவி, வாசலையும் நடைபாதையையும் துப்புரவாக்கி, பலகையை அடுத்த வீட்டார் கதவில் மாட்டவேண்டும். விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டும் தாயாரைக் கண்டு வளர்ந்த எனக்கு இது விளங்கிற்று. பணம் கொடுத்தால் எவரேனும் கூட்டுவர் என்று வளர்ந்த அவருக்கு விளங்கவில்லை.

கீழ்த்தளத்து மூதாட்டி ஏறி வந்தார். பலகையைத் தேடி எடுத்து மறுபடியும் மாட்டினார். அடுத்த முறை நண்பர் கூட்டிய பின்னரும் வந்து, படியின் மூலைகளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அன்று மாலை நண்பர் என்னிடம் வந்தபோது முகம் சிவந்திருந்தது. "இந்த நாட்டார் எங்களை வெறுக்கிறார்கள்" என்றார். சிரித்த முகத்தோடு எதிர்ப்படுவோரை வாழ்த்தினால் விறைத்துப் பார்க்கின்றனர். சுகமா என்று கேட்டால் மெய்யாகவே தம் முழங்கால் நோவை விரித்துரைக்கின்றனர். ஆனால் குறை சொல்ல மட்டும் தயங்குவதில்லை என்று அடுக்கிச் சென்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு என்றே நானும் நினைத்தேன்.

இவ்விரு சமுதாயத்தாரின் இயல்பை ஆராய்ந்தவர் கேர்ட் லெவின் என்னும் உளவியலறிஞர். ஜேர்மனியிலே பணியாற்றி, 1933 இல் அமெரிக்காவில் குடியேறிய அவர், 1936 இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இருநாட்டாரையும் ஒப்பிட்டார். அமெரிக்கருடைய உள்ளத்தின் வெளிப்புறம் எவர்க்கும் எளிதில் திறக்கும். உள்ளே உள்ள சிறு பகுதியே காவலுடையது. ஜேர்மானியருக்கோ காவல் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. நம் நாட்டுக் கனிகளால் சொல்வதானால், முன்னவர் மாங்கனி. சதை மென்மை, உள்ளே வித்து வன்மை. பின்னவர் தேங்காய்; ஓட்டை உடைத்தாலன்றி உள்ளே நுழைதல் இல்லை. இரண்டும் சுவையுடையனவே. மாங்கனியைக் கடிப்பது போலத் தேங்காயைக் கடிக்க முயல்பவன் பல்லுக்குத்தான் தீங்கு.

அந்த ஓட்டை உடைக்கும் கருவி மொழியே. அங்கேதான் நம் நண்பர் தோற்றிருந்தார். ஜேர்மன் மொழியில் கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். சிறுமி என்னும் சொல்லும் ஒன்றன்பாலே. 'அரை எட்டு' என்றால் ஏழரை மணி. ஏழரைக்கு விருந்துக்கு அழைக்கப்பட்ட நம் நண்பர் எட்டரைக்குச் சென்று, ஆறிப்போன உணவையும் ஆறாத முகங்களையும் கண்டாராம். 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு அங்கே 'டூ', 'ஸீ' என நிற்கின்றது. நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. ஒரே சொல்லால் எல்லாரையும் விளிக்கும் ஆங்கிலத்தார்க்கு அது பொறி. கிளைவாக்கியத்தின் இறுதியிலே வினைச்சொல் வருவதும் தமிழ்ச் செவிக்குப் பழக்கமானதே.

மார்க் துவெய்ன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1878 இல் ஹைடல்பேர்க் நகரில் தங்கியிருந்தார். இம்மொழியின் கொடுமையைப் பற்றி அவர் எழுதிய நகைச்சுவைக் கட்டுரை 1880 இல் வெளியாயிற்று. அதைப் படித்துச் சிரிப்போர், அவர் 1897 இல் வியன்னா நகரிலே பத்திரிகையாளர் சபையில் ஜேர்மன் மொழியிலேயே எழுந்து பேசினார் என்பதை மறந்துவிடுகின்றனர்.

நண்பருக்குப் பேச வாய்ப்பே கிட்டவில்லை. அவர் வாய்திறந்து முதற்சொல்லில் தடுமாறியதுமே அலுவலகத்தார் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவர். அது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதையே அவருக்கு மதிலாயிற்று. என் மருமகனுக்கு அத்தகைய மதில் இருந்ததில்லை. உணவகத்திலே பாத்திரம் கழுவிய நாளில் அவனுக்காக எவரும் தம் மொழியை விட்டு இறங்கி வரவில்லை, அவனே ஏறவேண்டியிருந்தது. அமெரிக்கரின் ஆங்கிலம் அவரை விருந்தினராகவே வைத்தது. விருந்தினருக்கு வீடு சொந்தமாவதில்லையன்றோ?

மூதாட்டியைப் பற்றி நண்பர் முறையிட்டதை நான் சொன்னபோது மருமகன் சிரித்தான். "மாமா, எனக்கு அந்த அம்மா முதல் இரண்டு வருஷமும் ஒன்றுமே சொன்னதில்லை. நான் விட்ட பிழையைப் பேசாமல் தானே கூட்டிவிட்டுப் போவார். மூன்றாம் வருஷம்தான் வந்து குறை சொன்னார். அன்றைக்குத்தான் நான் இந்த வீட்டு ஆள் ஆனேன்" என்றான். அதனை அவ்வாறே நண்பரிடம் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் வாளாவிருந்தார். எட்டு மாதத்திலேயே தமக்குக் குறை சொல்லப்பட்டது ஒரு பேறு என்று அவர் அதுவரை எண்ணிப் பார்க்கவில்லை.

அதன் பின்னர் அவர் இரண்டு காரியம் செய்தார். தம்மோடு ஜேர்மன் மொழியிலேயே பேசும்படியும், தடுமாறும்போது சற்றுப் பொறுத்திருக்கும்படியும் அலுவலகத்தாரை வேண்டிக்கொண்டார். மாலை வகுப்பொன்றிலும் சேர்ந்தார். முன்னரே அவர் ஒரு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அது வண்டி ஓட்டும் வகுப்பு. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றின் சாரதி உரிமத்தை அங்கே ஆறு மாதத்துக்குப் பின் பரீட்சையின்றி மாற்றிக்கொள்ளலாம்; அவருடைய மாநிலம் அவற்றுள் ஒன்றன்று. முப்பது ஆண்டு வண்டியோட்டிய மனிதர் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் அமர்ந்திருந்தார். அங்கே அமர்வதை அவமானமென்று நொந்துகொண்டவர், மொழி வகுப்பில் தாமாகவே சென்று அமர்ந்தார்.

நான் புறப்படுவதற்கு முந்திய கிழமை பலகை அவர் கதவில் தொங்கிற்று. படியிலே அவர் கூட்டிக்கொண்டிருக்க, மூதாட்டி கீழே நின்றார். நண்பர் விளக்குமாற்றைக் காட்டி ஏதோ சொன்னார். மூதாட்டி தலையசைத்து ஒரு சொல்லைத் திருத்தினார். நண்பர் திருத்திச் சொன்னார். விளக்குமாறு அந்த மொழியில் ஆண்பாலாம், அவர் பெண்பாலாக்கிவிட்டாராம். மூதாட்டியின் முகத்தில் புன்னகை தோன்றியதாக நான் கூறமாட்டேன். ஆனால், தம் வீட்டுக் கதவைச் சாத்தாமலே உள்ளே சென்றார்.

முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். ஆங்கில வகுப்பிலே ஒரு பையன் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால், வகுப்பு முழுவதும் நகைக்கும்படி அதைத் திரும்பச் சொல்லிக் காட்டிய நாட்கள் எனக்குண்டு. அவ்வாறு நகைக்கப்பட்ட பிள்ளைகள் பிறகு வாய்திறப்பதில்லை என்பதைக் கண்டும் காணாதவனாக இருந்தேன். அந்த மூதாட்டியும் பிழையைத் திருத்தினார்; ஆயினும் அவர் நகைக்கவில்லை, முகமனுக்காக விட்டுவிடவுமில்லை, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்து நின்றார். ஆசிரியத் தொழிலின் சாரம் அதுவே. அதைக் கற்க நான் ஸ்ருட்கார்ட் நகரின் மாடிப்படி வரை செல்லவேண்டியிருந்தது.

நேயர்களே, 2024 ஆம் ஆண்டு யூன் மாதம் முதல் ஜேர்மன் நாட்டுச் சட்டம், பிறந்த நாட்டின் குடியுரிமையை விடாமலே தன் குடியுரிமையைப் பெற வழிவிட்டுள்ளது. நம் நண்பர் போன்றோர்க்கு அது நற்செய்தி. ஆனால் அரசு தரும் பத்திரம் ஒன்று. அயலவர் கதவில் மாட்டிச் செல்லும் பலகை வேறொன்று. முன்னதைக் காத்திருந்து பெறலாம். பின்னதைப் பெறுவதற்கு, எத்தனை வயதாயினும், எந்த நாட்டிற் பிறந்தவராயினும், மீண்டும் ஒருமுறை மாணவராக அமரவேண்டும்.

உங்கள் பிள்ளைகளோ உறவினரோ அந்நாடுகளில் இருப்பின், அடுத்த முறை அவர்களோடு பேசும்போது ஊதியத்தையும் குளிரையும் விசாரிப்பதோடு நில்லாது, அடுத்த வீட்டார் உங்களுக்குக் குறை சொல்லத் தொடங்கிவிட்டனரா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆம் என்ற விடை வந்தால் கவலை கொள்ளவேண்டாம்.